சாவி தொலைந்ததும் கர்த்தர் செயலா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் இரண்டு பிள்ளைகளின் தாய். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. நானும் கணவரும் சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவர்கள். அன்றாடம் நடக்கிற சின்ன விஷயங்களிலும் ஆண்டவருடைய கரம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்பது என் கடமை என்று நினைத்தே வளர்த்து வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் வண்டிச் சாவியைக் காணோம். தேடியெடுத்துக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. நாங்கள் வழக்கமாகப் போகிற சந்திப்பில் அதற்குள் ஒரு விபத்து நடந்திருந்தது. "பார்த்தீங்களா, கர்த்தர்தான் சாவியை மறைச்சு வெச்சார்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சபையிலும் சாட்சி சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அந்த விபத்தில் மகனின் வகுப்புத் தோழனுக்குக் கால் முறிந்திருந்தது. "அவங்க வீட்டுச் சாவியை ஏன்மா கர்த்தர் மறைக்கல?" என்று மகன் கேட்டான். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து அவன் எதையும் சும்மா விடுவதில்லை. ஷூ லேஸ் அறுந்தால், கிளம்பும்போது கரண்ட் போனால், "இது அடையாளமாம்மா? இன்னைக்குப் போகவேண்டாமா?" என்கிறான். இரவு ஜெபத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குகிறான்.

எனக்கும் ஒரு குழப்பம். மகளுக்கு ஒரு கண்ணில் பார்வை மந்தம். நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போட வேண்டும் என்று கண் மருத்துவர் சொன்னார். அதைத் தொடங்குவதற்காகக் கொடுத்த தேதியை ஒருமுறை மருத்துவமனையே மாற்றியது. மறுமுறை மழையால் போக முடியவில்லை. அந்த வாரத்தில் குணமாக்குதலைப் பற்றிய வசனங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. பொறுத்திரு, நானே குணமாக்குவேன் என்கிறாரோ? கணவரோ, "எல்லாம் தற்செயல், நீயாகக் கோர்த்துப் பார்க்கிறாய்" என்கிறார். அது விசுவாசத்தையே விட்டுவிடச் சொல்வதுபோல் இருக்கிறது. தேவனுடைய பராமரிப்பை நம்புவதும் இப்படி அடையாளம் பார்ப்பதும் ஒன்றுதானா? பிள்ளைகளிடம் நான் என்ன பேசுவது?

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகளின் கண். அடுத்த தேதியை இன்றே வாங்குங்கள், இதில் காத்திருக்க இடமில்லை. ஒரு கண்ணிலிருந்து வரும் தெளிவற்ற படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிடுவதுதான் இந்தப் பார்வை மந்தம். நல்ல கண்ணை மூடினால், மந்தமான கண்ணைப் பயன்படுத்த மூளைக்கு வேறு வழியில்லை. ஏழு வயதுக்குள் இந்தச் சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்கிறது. அதன்பிறகும் செய்யலாம், ஆனால் முன்னேற்றம் மெதுவாகவும் குறைவாகவும் இருக்கக்கூடும். ஒட்டைத் தோலில் நேரடியாக ஒட்ட வேண்டும். கண்ணாடி போடுகிற பிள்ளையானால் ஒட்டின் மேல் கண்ணாடி வரும். கண்ணாடிமேல் மாட்டுகிற துணி மறைப்பென்றால் பிள்ளைகள் ஓரத்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள். மருத்துவர் சொன்ன மணிநேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளவு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வையே குறையலாம். மறுபரிசோதனைத் தேதிகளைத் தவறவிடக் கூடாது என்பதும் அதனால்தான்.

மருத்துவமனை தேதியை மாற்றியபோது வேறு பிள்ளைகளுக்கும் மாறியிருக்கும், மழையும் எல்லார்மேலும்தான் பெய்தது. ஏசாயா 38ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வியாதிப்பட்டுக் கிடந்த எசேக்கியா ராஜாவின் ஆயுசோடு 15 வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், பிளவைக் கட்டியின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போட்டார்கள். சிகிச்சைக்குப் போவதால் வாக்குத்தத்தத்தை நம்பாதவராக நீங்கள் ஆகிவிடமாட்டீர்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. பராமரிப்பை நம்புவதும் அடையாளம் பார்ப்பதும் ஒன்றல்ல. பராமரிப்பைப் பற்றித் திருச்சபைகள் கற்பித்ததில் தெளிவான ஒன்று 1563இல் வெளியான ஹைடெல்பெர்க் வினாவிடை என்னும் போதனை நூல். மழையும் வறட்சியும், சுகமும் வியாதியும் தற்செயலாய் வராமல் தகப்பனுடைய கரத்திலிருந்து வருகின்றன என்று சொல்லிவிட்டு, இதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்று 28ஆம் கேள்வியில் அது கேட்கிறது. பதிலில் மூன்று பயன்கள் உண்டு: துன்பத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வருங்காலத்தைக் குறித்து நம்பிக்கை. இன்று பள்ளிக்குப் போகலாமா, சிகிச்சை செய்யலாமா என்று நிகழ்ச்சிகளைப் பார்த்துக் கண்டுபிடிப்பது அதில் இல்லை.

யோசேப்பைச் சகோதரர் விற்றுப்போட்டபோது அவனுக்கு வயது 17. எகிப்தின் ராஜாவாகிய பார்வோன்முன் நின்றபோது 30. ஏழு வருஷச் செழிப்பும் இரண்டு வருஷப் பஞ்சமும் கழிந்து, ஏறக்குறைய 39 வயதில்தான், "என்னை அனுப்பியது தேவன்" என்கிற பொருளில் அவனால் சகோதரரிடம் பேச முடிந்தது. சிறையில் இருந்த காலத்தில் அவன் அடையாளம் தேடவில்லை. வெளியே போகிற பானபாத்திரக்காரனிடம், பார்வோனுக்குச் சொல்லி என்னை விடுவி என்று கேட்டுக்கொண்டான். பராமரிப்பு பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நடந்துகொண்டிருக்கும்போது நம் கையில் இருப்பது அடுத்த நல்ல காரியம் மட்டும்.

கணவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அது விசுவாசத்துக்கு விரோதமானதும் அல்ல. கணித அறிஞர் லிட்டில்வுட்டின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு. விழிப்பாயிருக்கும் எட்டு மணி நேரத்தில் விநாடிக்கு ஒரு நிகழ்ச்சி என்று வைத்தால் நாளைக்கு 28,800. முப்பத்தைந்து நாளில் பத்து லட்சம். ஆகவே பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அபூர்வம் சராசரியாக மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று எல்லார் வாழ்விலும் நடக்கும். மேலும், மகளின் கண்ணே மனதில் நிற்கும்போது குணமாக்குதல் வசனங்கள் துலங்கித் தெரியும். அதே வாரம் படித்த மற்ற வசனங்கள் நினைவில் நிற்காது. சாவி தொலைந்து ஒன்றுமே நடக்காத காலைகளுக்கு யாரும் சாட்சி சொல்வதில்லை.

இதைக் கேட்டு உங்கள் மனம் சோர வேண்டாம். அடைக்கலான் குருவிகூடப் பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்றால், ஒன்றும் நடக்காத காலையும் அவர் கையில்தான் இருந்தது. அபூர்வமானதில் மட்டும் அவரைத் தேடுகிறவர், மாதத்தில் மிச்சமுள்ள நாட்களையெல்லாம் அவர் இல்லாத நாட்களாக்கிவிடுகிறார். உங்கள் மகன் பயப்படுவது அந்த நாட்களைப் பார்த்துத்தான்.

அவன் சாவிச் சம்பவத்திலிருந்து மூன்று பாடங்கள் எடுத்திருக்கிறான் என்று தோன்றுகிறது. கர்த்தர் பொருட்களை நகர்த்திச் செய்தி அனுப்புகிறார். செய்தி வராதவர்கள் மேல் அவருக்கு அன்பு குறைவு. செய்தியைக் கவனிக்கத் தவறினால் ஆபத்து நம்முடையது. மூன்றாவதுதான் அவனைத் தூங்கவிடாது. தீங்கு வந்தால் அது தண்டனை என்று சிறு பிள்ளைகள் இயல்பாகவே எண்ணுவதை குழந்தை உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே 1932லேயே எழுதினார். ஒன்பது வயதில் இந்த எண்ணம் தளரத் தொடங்கும், ஆனால் பயம் வந்தால் மீண்டும் இறுகும். இயேசுவின் சீஷர்களுக்கும் இதே எண்ணம் இருந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று கேட்டார்கள். இருவரும் அல்ல என்றார் அவர். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். இந்த இரண்டு பகுதிகளையும், யோவான் 9, லூக்கா 13, மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

அவனோடு பேசப் படுக்கை நேரம் வேண்டாம், பயம் கூடுகிற நேரம் அது. பகலில், நடந்துகொண்டோ ஏதாவது வேலை செய்துகொண்டோ, பத்து நிமிஷம் போதும். இப்படிச் சொல்லலாம்: "நாம பத்திரமா இருந்ததுக்கு நன்றி சொன்னது சரிதான்பா. ஆனா சாவியைக் கர்த்தர் மறைச்சார்னு அம்மா சொன்னேன்ல, அது எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச விஷயம் இல்ல. உன் ஃப்ரெண்டையும் அவர் நம்மள மாதிரியேதான் நேசிக்கிறார். அவனுக்கு ஏன் அடிபட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. கர்த்தர் உனக்கு எதாவது சொல்லணும்னா அதைக் கண்டுபிடிக்கிற வேலை உன்மேல இல்ல." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிறகு அந்தத் தோழனைப் பார்க்க அழைத்துப் போங்கள். விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுக்கட்டும், வாரம் ஒருமுறை போய் விளையாடட்டும். ஏன் என்பதற்கு விளக்கம் கிடைக்காத இடத்தில் செய்ய ஒரு வேலை இருப்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

"அடையாளமாம்மா?" என்று கேட்டால் ஒரே ஒரு தடவை, ஒரே மாதிரி பதில்: "லேஸ் பழசு, அறுந்துடுச்சு. வேற லேஸ் போட்டுட்டுக் கிளம்பு." இரண்டாம் முறை கேட்டால், "அதுக்குப் பதில் உனக்கே தெரியும்" என்று சொல்லி நிறுத்துங்கள். "ஒண்ணும் ஆகாது, சத்தியமா" என்று உறுதி தருவதுதான் எல்லாப் பெற்றோரும் செய்வது. அது தருகிற நிம்மதி சில நிமிஷம்தான் நிற்கும், அடுத்த முறை இன்னும் பெரிய உறுதி கேட்பான். பாவம் பிள்ளை என்று இரங்கி ஒருநாள் வீட்டில் நிறுத்தினாலும், பயந்தது சரிதான் என்று மனம் படித்துக்கொள்ளும். ஜெபம் ஒரு முறை மட்டும், சொந்த வார்த்தைகளில், தினமும் வேறு வேறு விதமாக. பெயர் விட்டுப்போனால் விட்டதாகவே இருக்கட்டும். தவிப்பான். பக்கத்தில் உட்காருங்கள், நீங்கள் அவனுக்காக ஜெபத்தை முடித்துக் கொடுக்காதீர்கள். தவிப்பு ஏறி, தானாகவே இறங்கும். திட்டவும் வேண்டாம். கணவர், தாத்தா பாட்டி, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் எல்லாரும் இதையே கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் உறுதி கொடுத்தாலும் அவரிடமே போய்க் கேட்பான்.

இரண்டு வாரம் தினமும் எத்தனை முறை கேட்டான், ஜெபம் எவ்வளவு நேரம் நீண்டது என்று எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால், இதில் போகிற நேரம் நாளைக்கு ஒரு மணியைத் தாண்டினால், பள்ளியோ தூக்கமோ கெட்டால், குழந்தைகள் மனநல நிபுணரிடம் போங்கள். எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) சமய வடிவத்திலும் வரும். பயத்தை எதிர்கொண்டு, திரும்பச் செய்யும் பழக்கத்தைத் தடுக்கும் பயிற்சி அதற்கு நன்றாகப் பலன் தருகிறது. இந்தச் சிகிச்சை விசுவாசத்தைத் தொடுவதில்லை. சாதாரணமாக எவ்வளவு ஜெபித்தால் போதும் என்று உங்கள் போதகரையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.

குடும்ப ஜெபத்தில் நன்றி தொடரட்டும், "அவர் இதற்காகத்தான் இப்படிச் செய்தார்" என்கிற பாதியை மட்டும் எடுத்துவிடுங்கள். நன்றி சொல்லக் காரணம் தெரிய வேண்டியதில்லை. ஆளுக்கொன்றாக அந்த நாளின் சாதாரணமான ஒரு நன்மை, கூடவே வருத்தமான ஒன்று. வருத்தத்துக்கு விளக்கம் தேட வேண்டாம். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்பதோடுதான் தொடங்குகிறது. சபையில் சாட்சி சொல்லுமுன் ஒன்றை யோசியுங்கள்: கால் முறிந்த பிள்ளையின் தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதை இதே வார்த்தைகளில் சொல்வேனா?

உங்கள் முடிவுகளுக்கு: கேள்வியைக் காகிதத்தில் எழுதுங்கள். இந்தத் தற்செயல் நடக்காமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன், இதுவே எதிர்ப்பக்கம் காட்டியிருந்தால் ஏற்றிருப்பேனா என்று அதன் கீழே எழுதுங்கள். இரண்டாவதற்கு "இல்லை" என்று வந்தால், அடையாளம் உங்கள் பயத்துக்கோ ஆசைக்கோ பக்கத்துணையாக நிற்கிறது. கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் போட்ட ஆட்டுத்தோலை நினைப்பீர்கள். அவனுக்குக் கட்டளை தெளிவாக முன்பே வந்திருந்தது. தோல் போட்டது அவன் சந்தேகத்தால், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். தூக்கம் மிகவும் குறைந்தும் களைப்பே தெரியாமல் இருந்தால், தொலைக்காட்சியும் வண்டி எண்களும் உங்களுக்கென்றே பேசுவதாகத் தோன்றினால், அடையாளத்தை நம்பி மருந்தை நிறுத்தத் தோன்றினால், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பைக் கணவரிடம் கொடுங்கள்.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: பிள்ளைகள் முன்னால் "எல்லாம் தற்செயல்" என்று வெட்டிப் பேசாமல், இரவு நன்றியில் அவரும் ஒரு வரி சொல்லட்டும். நீங்கள் இருவரும் தனியே உட்கார்ந்து, மகன் கேட்கும்போது சொல்ல வேண்டிய அந்த ஒரே பதிலை வார்த்தை மாறாமல் பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும்போதே அது தேவைப்படும்.

அன்புடன்,
ஆலோசகர்