செவ்வாயின் புள்ளிப் பாறை: கேள்வி பதில்

கேள்வி: செவ்வாயில் உயிரின் தடயம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததே, உண்மையில் கண்டது என்ன?

பதில்: 2024 ஜூலையில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, ஜெசெரோ பெருங்குழிக்குள் முன்னொரு காலத்தில் ஆறு பாய்ந்த நெரெட்வா பள்ளத்தாக்கில், 'செயாவா ஃபால்ஸ்' என்று பெயரிடப்பட்ட சேற்றுப்பாறை ஒன்றைக் கண்டது. அதில் சிறுத்தைத் தோலை நினைவூட்டும், கருத்த விளிம்புடைய வெளிறிய புள்ளிகள் இருந்தன. விவியனைட் என்னும் இரும்பு பாஸ்பேட்டும், கிரெய்கைட் என்னும் இரும்பு சல்ஃபைடும் அவற்றில் இருப்பதற்கான அறிகுறிகளை ஊர்தியின் கருவிகள் காட்டின. கரிமச் சேர்மங்களும் தென்பட்டன. 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை இதை 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது' என்றே குறிப்பிட்டது. அந்த 'கூடியது' தலைப்புச் செய்தியில் காணாமல் போயிற்று.

கேள்வி: கனிமத்துக்கும் கிருமிக்கும் என்ன தொடர்பு?

பதில்: பூமியில் ஏரிச் சேற்றிலும் சதுப்பு நிலத்திலும் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள், கரிமப் பொருளை உண்டு, அதிலிருந்து பெறும் எலக்ட்ரான்களைத் துருவிலுள்ள இரும்புக்கும் சல்பேட்டுக்கும் கொடுத்துவிடுகின்றன, அதன் விளைவாக இதே இரு கனிமங்கள் உருவாவதுண்டு. உயிரின் துணையின்றியும் இவை உருவாகலாம். ஆனால் சல்பேட் அவ்வாறு மாறுவதற்குப் பொதுவாக நூறு பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை; இந்தப் பாறையோ அவ்வளவு சூடேறியதாகத் தெரியவில்லை. இரும்பின் கதை வேறு. குறைந்த வெப்பத்திலேயே கரிமப் பொருள் அதை மெல்ல மாற்றிவிடக்கூடும் என்பதால், உயிரில்லா விளக்கத்துக்கான கதவை இன்னும் மூட முடியாது என்பதே என் கருத்து.

கேள்வி: 1976இலேயே செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் உயிரைக் கண்டதாகச் சொல்கிறார்களே?

பதில்: கதிரியக்கக் கரிமம் கலந்த ஊட்டக் கரைசலை மண்ணில் விட்டதும் கதிரியக்க வாயு வெளிவந்தது மெய். அச்சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின், அது உயிரின் செயலே என்று கடைசிவரை வாதிட்டார். ஆனால் அதே கலங்களின் மற்றொரு கருவி, மண்ணைச் சூடாக்கிப் பார்த்தபோது அதற்கே உரிய கரிமப் பொருளைக் காட்டவில்லை. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பைக் கண்டபின் இரண்டுக்கும் புதுவிளக்கம் கிடைத்தது: அந்த உப்பு சூடானால் கரிமப் பொருளை எரித்துவிடும், கதிர்வீச்சு பட்டால், ஊட்டத்தைச் சிதைக்கும் வேதிப்பொருள்களைத் தரும்.

கேள்வி: உயிர்களும் வெளியிடக்கூடிய வாயுவான மீத்தேனை மங்கள்யான் கண்டதா?

பதில்: இல்லை. அதன் மீத்தேன் உணரி, பரப்பின் ஒளி எதிரொளிப்பை அளக்கவே பயன்பட்டது.

கேள்வி: ஊர்தியிலேயே சோதித்து முடிவுகட்டினால் என்ன?

பதில்: சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள், அதிலுள்ள கந்தகத்தின் இலேசான ஐசோடோப்பை (எடை குறைந்த அணுவகையை) விரும்பி எடுப்பவை. கிரெய்கைட்டில் அந்தச் சாய்வு உள்ளதா என்று நுணுகிப் பார்க்கும் திறன் ஊர்தியின் கருவிகளுக்கு இல்லை. பூமியின் ஆய்வகங்களுக்கு உண்டு. ஆனால் மாதிரிகளைக் கொண்டுவர 800 முதல் 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என 2023இல் நாசா அமைத்த தனிக்குழு மதிப்பிட்டதும் அத்திட்டம் தள்ளாடத் தொடங்கியது. இந்தப் பாறையிலிருந்து துளைத்தெடுத்த 'சஃபையர் கேன்யன்' மாதிரி, குழாயில் அடைபட்டு, ஊர்தியின் வயிற்றுக்குள்ளேயே பயணம் செய்துகொண்டிருக்கிறது.