ஜமைக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட முன்னோரை 1834-க்கு முன் தேடுவது எப்படி?

நேராக அடிமைப் பதிவேட்டுக்குப் போகாதீர்கள். பலர் அங்கேதான் திசை மாறுகிறார்கள். இன்றிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாக நகருங்கள். ஜமைக்காவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1878-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால் தந்தை பெயர் பெரும்பாலும் இருக்காது. தாயின் குடும்பப் பெயரிலும் தேடுங்கள்.

அடிமை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது; முழு விடுதலை 1838-இல். அந்த 1838-க்கு அருகே வந்ததும் முக்கியமான கேள்வி: அவர் எந்த மாவட்டத்தில், எந்தத் தோட்டத்தில் இருந்தார்? அடிமைப் பதிவேடுகள் உடைமையாளர் வாரியாக எழுதப்பட்டவை. தோட்டம் தெரியாமல் வெறும் 'மேரி' என்று தேடினால் நூற்றுக்கணக்கான மேரிகள் வருவார்கள்.

இந்தப் பதிவேடுகளின் பிரதிகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் T 71 என்ற வரிசையில் உள்ளன. 1817-ஆம் ஆண்டுப் பட்டியலே முழுமையானது: பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா இல்லையா, சில இடங்களில் தாயின் பெயரும். 1820 முதல் 1832 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்தவற்றில் பிறப்பு, இறப்பு, வாங்கல், விற்றல் போன்ற மாற்றங்கள் மட்டுமே இருக்கும். 1829-இல் பெயர் இல்லாததால் அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள்.

பதிவேட்டுக்கான படிவத்தைக் கொடுத்தவர் உடைமையாளரின் முகவராகவோ காப்பாளராகவோ இருக்கலாம். அவரையே உடைமையாளர் என்று எடுத்துக்கொண்டால் தேடல் வேறு குடும்பத்துக்குள் போய்விடும். குடும்பப் பெயர் ஒத்துப்போவதும் ஆதாரமல்ல. தோட்டமும் வயதும், பதிவில் இருந்தால் தாய் பெயரும் பொருந்த வேண்டும்.