டூரிங் பிட்சுகளுக்கு நடுவே க்ளாம்பிங் குடில்கள்: எத்தனை, எங்கே?

வாசகர் கேள்வி: இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் 24 டூரிங் பிட்சுகள் (காரில் இழுத்துவரும் கேரவன் எனும் வீட்டுவண்டியைச் சில நாள்கள் நிறுத்தித் தங்கும் இடங்கள்) கொண்ட கேரவன் தளம் ஒன்றைக் குடும்பமாக நடத்தி வருகிறோம். ஆண்டு வரவு ஏறக்குறைய 61,000 பவுண்டு. வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு இல்லை. அக்கம்பக்கத்துத் தளங்கள் க்ளாம்பிங்குக்கு, அதாவது வசதிகளோடு கூடிய முகாம் தங்கலுக்கு, மாறி வருகின்றன. ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஆறு பிட்சுகளை எடுத்துவிட்டு, அங்கே பாட் எனப்படும் மூன்று சிறு குடில்களை அமைக்கலாமா? ஆண்டுதோறும் வரும் கேரவன்காரர்கள் விலகிவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: குடில்களை அமைக்கலாம். ஆனால் ஆற்றோர வரிசையை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று என்ற எண்ணிக்கையையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். இந்த இரண்டுக்குமான காரணம் கணக்கில்தான் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கீழே வரும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் உங்கள் பதிவேட்டில் உள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குடில் இரவுக்கு 85 பவுண்டு வீதம் ஆண்டில் 150 இரவுகள் நிரம்பினால் வரவு 12,750 பவுண்டு. தங்குபவர்கள் சராசரியாக இரண்டரை இரவுகள் இருந்தால் ஆண்டுக்கு 60 முறை ஆள் மாறும். ஒவ்வொரு முறையும் துப்புரவுக்கும் சலவைக்கும் 35 பவுண்டு என்றால் 2,100 போகும். முன்பதிவுத் தளங்களின் தரகு 12 விழுக்காடு என்றால் 1,530. மின்சாரம், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 1,200. குடிலும் அதற்கான இணைப்புகளும் 30,000 பவுண்டுக்கு முடிந்து 12 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 2,500. எல்லாம் போக நிற்பது 5,420 பவுண்டு. உங்கள் ஆற்றோர பிட்ச் ஒன்று இரவுக்கு 30 பவுண்டு வீதம் 140 இரவுகள் விற்பதாகக் கொண்டால் வரவு 4,200. மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் 700 கழித்தால் 3,500 நிற்கும். மரத்தளம், கார் நிறுத்தும் இடம், சற்றே தனிமை தரும் இடைவெளி என்று சேர்த்தால் ஒரு குடில் இரண்டு பிட்சுகளை விழுங்கிவிடும். உங்கள் திட்டமும் அதே விகிதத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் 7,000 பவுண்டு தரும் நிலத்தைக் கொடுத்து 5,420 பவுண்டை வாங்குகிறீர்கள். அதே குடிலை, ஆண்டுக்கு 30 இரவுகள் மட்டுமே விற்கும் இரண்டு மூலை பிட்சுகளின் மேல் வைத்தால், அவை இரண்டும் சேர்ந்து தரும் 1,500 பவுண்டுதான் இழப்பு. ஏறக்குறைய 3,900 பவுண்டு கூடுதலாக நிற்கும். குடில் ஒன்றேதான், வாடகையும் ஒன்றேதான்; எந்த நிலத்தின் மேல் நிற்கிறது என்பதே ஆதாயத்தைத் தீர்மானிக்கிறது. இரவு வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஆகவே முதலில், ஒவ்வொரு பிட்சும் கடந்த இரண்டு பருவங்களில் எத்தனை இரவுகள் விற்றது என்று எடுத்துப் பாருங்கள். விற்காதவற்றை வரிசைப்படுத்திய பின், அவை ஏன் விற்கவில்லை என்று கேளுங்கள். நிலம் சரிவாக இருக்கிறது, மழையில் சேறாகிறது, மரநிழலில் சோலார் தகடும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் சரியாக வேலை செய்வதில்லை, கேரவனை இழுத்துக்கொண்டு அந்தத் திருப்பத்தில் திரும்ப முடிவதில்லை என்பவை காரணங்களானால், அந்த இடம் குடிலுக்கு மிகவும் பொருத்தமானது. குடிலைத் தாங்கு கால்களில் ஒருமுறை சமப்படுத்தி வைத்துவிடலாம். கேரவன்காரர் குறை சொல்லும் மரநிழலைக் குடிலுக்கு வருபவர் விரும்பிக் கேட்பார். மாறாக, சாலை இரைச்சலோ கழிப்பறைக் கட்டடத்தின் அருகாமையோ காரணமென்றால் குடிலும் அங்கே தோற்கும். ஆற்றோரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்தால் கேரவனை இழுத்துச் சென்றுவிடலாம், குடிலை முடியாது. விடுமுறைக் கேரவன் தளங்களுக்கு வெள்ள அபாயப் பகுதிகளில் எச்சரிக்கைத் திட்டமும் வெளியேற்றத் திட்டமும் கேட்கப்படும் என்பதால், அனுமதி பெறுவதும் அங்கே கடினமாகும்.

அடுத்தது வாட். எந்த 12 மாதங்களிலும் வரவு 90,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இதுவே வரம்பு. குறைவாக விற்கும் நான்கு பிட்சுகளை எடுத்துவிட்டு இரண்டு குடில்கள் வைத்தால், மேற்கண்ட கணக்கின்படி உங்கள் மொத்த வரவு 83,000 பவுண்டு அளவில் நிற்கும். மூன்று வைத்தால் 94,000 ஆகும். அப்போது குடில்களுக்கு மட்டுமல்லாமல் டூரிங் பிட்சுகளின் வாடகைக்கும் சேர்த்து 20 விழுக்காடு வரி வந்துவிடும். வாடிக்கையாளரிடம் கேட்கும் விலையை உயர்த்தாமல் இருந்தால் மொத்த வரவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 15,700 பவுண்டு அளவுக்கு, வரிக்குப் போகும். மூன்று குடில்களும் சேர்ந்து தருவது 16,260 தான். நீங்கள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வாட்டில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், முதல் ஆண்டில் குடில்களின் விலையில் உள்ள வரியும் திரும்பும். ஆயினும் அதற்கடுத்த ஆண்டுகளில் சுமை தெளிவாகத் தெரியும். என் கருத்தில் இரண்டோடு நிறுத்துங்கள், அல்லது வரியைத் தாங்கும் அளவுக்கு ஐந்தாறு குடில்களாக வளரத் துணியுங்கள். மூன்று என்பது இரண்டு பக்கத்தின் பாதகங்களையும் கொண்டிருக்கிறது. கணக்காளரிடம் இதை முதலில் பேசுங்கள்.

நிலத்துக்குக் கீழே இருப்பவற்றையும் பார்க்க வேண்டும். டூரிங் பிட்சின் வழக்கமான 16 ஆம்பியர் ஹூக்-அப் (கேரவனுக்கு மின்சாரம் தரும் கம்ப இணைப்பு) 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3.7 கிலோவாட் தரும். உடனடியாக நீரைச் சூடாக்கும் மின் ஷவர் ஒன்றுக்கே 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் வேண்டும். அறையைச் சூடாக்குவது தனி. எனவே குடிலை ஹூக்-அப் கம்பத்தில் மாட்டிவிட முடியாது, தனி இணைப்பு தேவை. தளத்தின் மொத்த மின்வழங்கல் அதைத் தாங்குமா என்று மின்பகிர்மான நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள். கழிவுநீரும் அப்படித்தான். கேரவன்காரர் தம் ரசாயனக் கழிப்பறைப் பெட்டியைத் தாமே கொண்டுபோய்க் கொட்டுகிறார். கழிப்பறையும் குளியலும் உள்ள குடிலின் கழிவு முழுவதும் உங்கள் தொட்டிக்கு வரும். இங்கிலாந்தில் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்துக்குள் விடுவதற்கு, நாளொன்றுக்கு 2,000 லிட்டர் வரை பொதுவிதிகளின் கீழ் தனி அனுமதி தேவைப்படாமல் இருக்கலாம். அதைத் தாண்டினால் அனுமதி வேண்டும்.

அனுமதிகளில் முக்கியமானது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தாள்களை வாசிப்பது. 1960ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டப்படி, திட்ட அனுமதி (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) இருந்தால்தான் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தள உரிமம் தரும். அந்தத் திட்ட அனுமதியிலேயே "டூரிங் கேரவன்கள் மட்டும்" என்றோ, ஆண்டில் இன்ன மாதங்கள் மட்டும் திறந்திருக்கலாம் என்றோ நிபந்தனை இருக்கக்கூடும். குளிர்ந்த மாதங்களில் பருவத்தை நீட்டித் தருவதே குடிலின் பெரிய பலம். அக்டோபருக்குப் பிறகு தளத்தை மூட வேண்டுமென்ற நிபந்தனை இருந்தால் நான் எடுத்துக்கொண்ட 150 இரவுகளை எட்டுவது கடினம், முழுக் கணக்கும் மாறிவிடும். இழுத்தோ வண்டியில் ஏற்றியோ நகர்த்தக்கூடிய குடில், சட்டத்தின் பார்வையில் கேரவனாகக் கருதப்படலாம். யர்ட், பெல் டென்ட் போன்ற கூடாரங்கள் அந்த வரையறைக்குள் வராது. இந்த வேறுபாட்டால் விண்ணப்பத்தின் தன்மையே மாறும். தனித்தனிக் குடும்பங்கள் தங்கும் அலகுகளுக்கு இடையே 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற தீ பாதுகாப்பு அளவையும் உங்கள் உரிமத்தில் பாருங்கள். குடில்களுக்கு 2005ஆம் ஆண்டின் தீ பாதுகாப்பு ஆணையின்படி எழுத்து வடிவில் இடர் மதிப்பீடு தேவை. விறகு அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைத் தவிர்க்கவே கூடாது.

வாடிக்கையாளர்களைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. கேரவன்காரர் குடிலைக் கண்டு விலகுவதில்லை. தாம் விரும்பிய பிட்ச் பறிபோகும்போதும், பின்னிரவு வரை வார இறுதிக் கூட்டத்தின் சத்தம் கேட்கும்போதும், கழிப்பறையில் வரிசை நீளும்போதும்தான் விலகுகிறார். ஆற்றோர வரிசையைத் தொடாமல் விட்டால் முதல் காரணம் தீர்ந்துவிடும். குடில்களைத் தனி வாசல் வழியோடு, இடையில் வேலிச்செடிகள் வைத்து ஒதுக்குங்கள். பெருங்குழு முன்பதிவுகளை ஏற்காதீர்கள். விருந்தினர் அமர்ந்து குளிக்கும் சுடுநீர்த் தொட்டி (ஹாட் டப்) வேண்டாம் என்பது என் திடமான கருத்து, ஏனெனில் சத்தமும் பராமரிப்பும் அதிலிருந்துதான் அதிகம் வரும். நீங்கள் குடும்பமாக நடத்துவதால் இன்னொன்றையும் யோசியுங்கள். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் குடில்களைச் சுத்தம் செய்யும் அதே நேரத்தில்தான் டூரிங் வண்டிகளும் வந்து போகும். வெள்ளி முதல் திங்கள், திங்கள் முதல் வெள்ளி என்று தங்கும் நாள்களை வரையறுத்துவிட்டால், கூட்டம் மிகுந்த சனிக்கிழமை உங்கள் கைக்கு வரும்.

முதல் போடும் முன் சோதித்துப் பார்க்கவும் வழியுண்டு. இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல், கவுன்சிலுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஆண்டில் 60 நாள்கள் வரை 50 பிட்சுகளுக்கு உட்பட்ட தற்காலிகக் கூடாரத் தளம் நடத்த அனுமதி உண்டு. பாதுகாக்கப்பட்ட சில நிலங்களில் மட்டும் இந்த அனுமதி கிடையாது. பக்கத்து வயல் உங்களுடையதாக இருந்தால், வரும் கோடையில் அங்கே கட்டிலும் மெத்தையும் போட்ட இரண்டு பெல் டென்ட்களை அமைத்து, எத்தனை இரவுகள் நிரம்புகின்றன, ஒவ்வொரு ஆள் மாற்றத்துக்கும் உங்கள் நேரம் எவ்வளவு போகிறது என்று குறித்து வையுங்கள். அதே காலத்தில் கவுன்சிலின் திட்டத் துறையிடம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனையைக் கட்டணம் செலுத்திப் பெறுங்கள். அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை குடில் விற்பவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.