பதினாலு பேர் இருந்த கடை

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மனைவி இங்கிலாந்தில் ஒரு சங்கிலிக் கடையில் பதினொரு வருடம் டில்லில், பணம் வாங்கும் கவுன்டரில், வேலை செய்தாள். நிறுவனம் போன மாதம் திவாலானது. அவள் இருந்த கிளையில் மொத்தம் பதினாலு பேர். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது, சனிக்கிழமை ஷட்டர் இறங்கிவிட்டது.

நண்பர்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். இப்போது யார் கடைக்குப் போகிறார்கள், நீயே போனில்தானே ஆர்டர் போடுகிறாய், காலம் மாறிவிட்டது, பகுதிநேர வேலைதானே, வேறொன்று கிடைக்கும் என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள், “நாங்களும் சேர்ந்துதான் அந்தக் கடையை மூட வைத்தோமா?” என்று கேட்டாள். அவர்கள் சொன்னது சரியா அக்கா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் மனைவியின் கேள்விக்கு: இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்தே சொல்கிறேன்.

இணையத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு 2007 வாக்கில் நூற்றுக்கு மூன்று நாலு என்ற அளவில் இருந்தது, ஊரடங்கு நேரத்தில், 2021 தொடக்கத்தில், 35ஐத் தாண்டியது, அப்புறம் இறங்கி இப்போது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கிறது. உணவை விட்டுவிட்டுப் பார்த்தால் இன்னும் கூடும். ஆனாலும் பெரும்பாதி வியாபாரம் இன்றைக்கும் கடைகளில்தான் நடக்கிறது. யார் கடைக்குப் போகிறார்கள் என்று கேட்ட உங்கள் நண்பர்களும் போகிறவர்கள்தான்.

அவர்கள் வூல்வொர்த்ஸை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1909ல் லிவர்பூலில் முதல் கடை திறந்த பலசரக்குச் சங்கிலிக் கடை நிறுவனம் அது, 2008 நவம்பரில் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் 807 கடைகளும் மூடி, ஏறத்தாழ 27,000 பேருக்கு வேலை போனது. அப்போது இணைய விற்பனை நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான் இருந்தது! அது விழுந்ததற்குக் காரணம் தேடினால் பின்னால் போக வேண்டும். 2001ல் தாய் நிறுவனம் அதைத் தனியாகப் பிரித்து விட்டபோது, 182 கடைகளின் கட்டடங்களை விற்று அதே கட்டடங்களில் வாடகைக்கு உட்கார வைத்தார்கள். நேற்றுவரை சொந்த இடத்தில் இருந்தவன் இன்றைக்குக் குடக்கூலி கட்டுகிறான், கட்டடம் விற்ற பணமோ அவன் கைக்கு வரவில்லை.

டெபன்ஹாம்ஸ் என்ற பெரிய பல்பொருள் கடையின் கதையும் இதேதான். 2003ல் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து அதை வாங்கின. இரண்டு மூன்று வருடத்துக்குள் சுமார் 120 கோடி பவுண்டு ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டன. 2005ல் 23 கடைகளின் கட்டடங்களை 49.5 கோடி பவுண்டுக்கு விற்று, நீண்ட குத்தகையில் திரும்ப எடுத்தார்கள். 2006ல் அதைப் பங்குச்சந்தைக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது அதன் தலையில் நூறு கோடி பவுண்டுக்கு மேல் கடன். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அங்கே விற்ற ஒவ்வொரு சட்டையும் முதலில் அந்த வட்டியையும் வாடகையையும் கட்டத்தான் போனது. கடையைப் புதுப்பிக்க, நல்ல இணையதளம் செய்ய, ஆட்களைப் பயிற்ற எங்கே மிச்சம் இருக்கும்? போட்டி வந்தபோது ஓட முடியாமல் நின்றது என்கிறார்கள், காலைக் கட்டியது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிஎச்எஸ் என்ற இன்னொரு பல்பொருள் கடையின் கதை இன்னும் மோசம். அதன் முதலாளி பிலிப் கிரீன் அதை 2015ல் ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார். அடுத்த வருடமே விழுந்தது, 11,000 வேலை போனது, ஓய்வூதிய நிதியில் 57.1 கோடி பவுண்டு பள்ளம். நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்து, ஊரே கொதித்த பிறகு 2017ல் அவர் 36.3 கோடி பவுண்டு கட்டினார்.

பிசினஸ் ரேட்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டடத்தின் வாடகை மதிப்பை வைத்துப் போடுவது. ஹை ஸ்ட்ரீட்டில், அதாவது ஊர் நடுக் கடைத்தெருவில், சதுர அடி விலை அதிகம், மோட்டார்வே ஓரத்துக் கிடங்கில் குறைவு, ஆகவே ஒரே பொருளை விற்க ஊர் நடுவில் இருப்பவர் அடிக்கு அதிகம் கட்டுகிறார். அரசாங்கங்கள் மாறி மாறிச் சலுகை கொடுத்திருக்கின்றன. 2011ல் சில்லறை வணிக ஆலோசகர் மேரி போர்டாஸ், கடைத்தெருக்களை மீட்க 28 பரிந்துரைகளோடு அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார், சில ஊர்களுக்குச் சிறு தொகையும் வந்தது. வாடகையையும் கடனையும் தொடாமல் தெருவில் பூந்தொட்டி வைத்து என்ன செய்வது?

இதையெல்லாம் விட உங்கள் நண்பர்கள் சொன்னதில் என்னை மிகவும் சுட்டது “பகுதிநேர வேலைதானே” என்ற சொல். இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. ஈஸ்டர் விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்டி ஒரே நாளில் சட்டம் போட்டார்கள், ஸ்கன்தோர்ப் இரும்பாலையைக் காப்பாற்ற. அங்கே ஆபத்தில் இருந்தவை சுமார் 2,700 வேலைகள். அது சரியான காரியம், ஒரு நாடு சொந்தமாக எஃகு காய்ச்ச முடிய வேண்டும், அந்தக் குடும்பங்களும் காப்பாற்றப்பட வேண்டியவைதான். ஆனால் 2023ல் வில்கோ என்ற வீட்டுச் சாமான் கடைச் சங்கிலி மூடியபோது 400 கடைகள், 12,500 பேர். அதற்காக யாரும் விடுமுறையிலிருந்து திரும்பி வரவில்லை. வாசலில் ‘எல்லாம் விற்றுத் தீர வேண்டும்’ என்று அட்டை தொங்கியது, நாமும் போய்ப் பாதி விலைக்கு வாளியும் பெயின்ட்டும் வாங்கி வந்தோம்.

ஏன் இந்த வித்தியாசம்? ஆலை மூடினால் ஒரே ஊரில் ஒரே வாசலில் ஆயிரம் பேர் நிற்பார்கள், படம் எடுக்கலாம், அமைச்சர் வருவார். கடைச் சங்கிலி மூடினால் இந்த ஊரில் பதினாலு பேர், அடுத்த ஊரில் பதினெட்டு பேர். பெண்கள் அதிகம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள், அறுபதை நெருங்கி இனி வேறு இடத்தில் நேர்காணலுக்கு உட்காரத் தயங்குகிறவர்கள். கூட்டிப் பார்த்தால்தான் பெரிய எண். யாரும் கூட்டுவதில்லை.

சட்டமே கூட்டவில்லை தம்பி. ஒரு நிறுவனம் 90 நாளுக்குள் ஓர் இடத்தில் 20 பேரையோ அதற்கு மேலோ வேலையிலிருந்து நிறுத்தப் போகிறது என்றால் முன்கூட்டியே ஊழியர் தரப்போடு கலந்து பேச வேண்டும், பேசாவிட்டால் இழப்பீடு உண்டு. வூல்வொர்த்ஸில் அப்படிப் பேசாததற்காக 60 நாள் சம்பளம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்த ‘ஓர் இடம்’ என்பது என்ன, முழு நிறுவனமா, தனித்தனிக் கடையா? தனிக் கடைதான் என்று எடுத்துக்கொண்டு, 20க்குக் குறைவானவர்கள் இருந்த கிளைகளை விட்டுவிட்டார்கள். ஒரே நிறுவனம், ஒரே வாரம், ஒரே காரணம். 25 பேர் இருந்த கிளையில் டில்லில் நின்றவருக்குப் பணம், 15 பேர் இருந்த கிளையில் நின்றவருக்கு ஒன்றுமில்லை. கடை ஊழியர் சங்கமான அஸ்டாவ் விடாமல் வழக்கு நடத்தியது. 2013ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சங்கத்தின் பக்கம் சொன்னது, அரசு அதை எதிர்த்துப் போனது, வழக்கு லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2015 ஏப்ரல் 30 அன்று தனிக் கடைதான் கணக்கு என்று முடிந்தது. வூல்வொர்த்ஸிலும், அதே வழக்கில் இருந்த எதெல் ஆஸ்டின் என்ற துணிக்கடையிலுமாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

உங்கள் மனைவியின் கிளையில் பதினாலு பேர் என்று படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலை உரிமைச் சட்டம், நிறுவனம் முழுவதையும் சேர்த்து எண்ண ஒரு வழி வைத்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரக் காலம் ஆகும். பதினேழு வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு பாதிக் கதவு.

பெயருக்கு மட்டும் எப்போதும் விலை கிடைக்கிறது. டெபன்ஹாம்ஸின் பெயரையும் இணையதளத்தையும் 2021ல் பூஹூ என்ற இணைய உடை விற்பனை நிறுவனம் 5.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது, கடைகளோ அங்கே நின்ற 12,000 பேரோ அந்த வியாபாரத்தில் இல்லை. 2025ல் அந்த நிறுவனம் தன் பெயரையே டெபன்ஹாம்ஸ் குழுமம் என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரை அவ்வளவு பெறுமதியாக்கியது கவுன்டருக்குப் பின்னால் நின்று, அளவு பார்த்து, பொட்டலம் கட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வேறு வேலை கிடைக்கும் என்று உங்கள் நண்பர்கள் சொன்னார்களே, கிடங்கில் கிடைக்கலாம். ஆனால் அது ஊருக்கு வெளியே, கார் இல்லாவிட்டால் இரண்டு பேருந்து, இரவு ஷிஃப்ட். மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டியவருக்கு அதுவும் இதுவும் ஒரே வேலை ஆகாது.

இனி செய்ய வேண்டியது. நிறுவனம் திவாலாகிவிட்டதால் ரிடண்டன்சி பணத்தை, அதாவது வேலை இழப்புக்கான இழப்பீட்டை, அரசின் திவால் துறையான இன்சால்வன்சி சர்வீஸிடம் கேட்க வேண்டும், திவால் நிர்வாகிகள் கொடுக்கும் வழக்கு எண்ணை வைத்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பகுதிநேரம் என்பதால் உரிமை குறையாது. 22 முதல் 40 வயது வரை வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம், 41 வயதிலிருந்து ஒன்றரை வாரம், வாரச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பதினொரு வருடத்துக்குப் பதினொரு வார நோட்டீஸ் பணமும் தனியாகக் கேட்கலாம், அந்த வாரங்களில் வேறு வருமானம் வந்தால் கழிப்பார்கள். நிலுவைச் சம்பளம், எடுக்காத விடுமுறை இரண்டும் அப்படியே. ரிடண்டன்சிக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் அவகாசம், ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். எத்தனை நாள் விடுமுறை மிச்சம் என்று அவர் குறித்து வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் மற்ற பதின்மூன்று பேரில் யாராவது ரோட்டாவை, அதாவது ஷிஃப்ட் அட்டவணையை, போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள், இன்றைக்கே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா