தொண்டு வேறு, மலையேற்றம் வேறு

கேள்வி: எனக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டேன். பல்கலைக்கழகம் கிடைத்தாலும் உள்ளே போக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதுவரை வீட்டில் சும்மா இருக்க மனமில்லை. கொழும்பில் ஒரு பயண முகவர் நேபாளத்துக்கு ஒரு திட்டம் தருகிறார். காத்மாண்டுவில் இரண்டு வாரம் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும், பிறகு ஆறு நாளில் அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போய்த் திரும்பும் நடை. ஜூலையில் பயணம். விசாக் கட்டணம் உட்பட நான்கரை லட்சம் ரூபா. அம்மாவுக்குச் சம்மதம். அப்பா "பொம்பிளைப் பிள்ளை தனியவா?" என்கிறார். என்ன செய்யட்டும், அக்கா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சி, போகத்தான் வேண்டும். டியூஷன் வகுப்புக்கும் வீட்டுக்குமாக ஓடித்திரிந்த பிள்ளைக்கு ஒரு வருடம் சும்மா கையில் கிடைப்பது லேசான காரியமில்லை. ஆனால் இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம்.

அநாதை இல்லத்தில் இருந்தே தொடங்குகிறேன். நேபாளத்தில் இப்படியான இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம் என்று சொல்லித் தரகர்கள் மலைக் கிராமங்களில் இருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். இல்லங்களும் காத்மாண்டு, பொக்காரா என்று வெளிநாட்டவர் வந்து இறங்கும் பக்கமாகவே குவிந்து கிடக்கின்றன. வருகிறவர்கள் காசு கட்டுவதால்தான் அங்கே பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். யுனிசெப் இதைப் பற்றிப் பல வருடமாக எச்சரித்து வருகிறது. அவுஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் மனம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனத்தைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

இதை நான் வாசித்து மட்டும் சொல்லவில்லை. 2005 தொடக்கத்தில், சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்பில் ஒரு முகாமில் வேலை செய்தேன். வெளிநாட்டுப் பிள்ளை ஒருத்தி பத்து நாள் வந்திருந்தாள். காலையில் சிறுமிகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, கைதட்டிப் பாட்டுப் படிப்பித்தாள். பதினோராம் நாள் போய்விட்டாள். தாயை இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் சீப்பையும் ரிப்பனையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். எந்த வாகனம் வந்தாலும் "அக்கா வந்திட்டாவா?" என்று கேட்பாள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் இருக்கவில்லை.

கிணறுகளின் கதையும் இருக்கிறது. கடல்நீர் புகுந்த கிணறுகளை ஆளுக்கொரு பம்ப் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். எல்லாரும் உதவிக்கு வந்தவர்கள்தான். மணல் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அந்தப் படை கலைந்து உப்பு இன்னும் உள்ளே வரும். பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. கடைசியில் இறைப்பதைக் குறையுங்கள், மழை கழுவட்டும் என்று நிபுணர்கள் சொல்ல வேண்டி வந்தது. உதவி வாங்கும் பக்கம் நின்ற ஊர் நம்முடையது. அதனால் எங்கே தொண்டுக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்: இந்த வேலை யாருக்குத் தேவை, எனக்கு அது தெரியுமா, நான் போன பிறகு யார் செய்வார்கள்?

இனி முகவரின் கணக்கு. நேபாளம் நம்மைப் போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு ஒரு காலண்டர் வருடத்தில் முதல் 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. பிறகு எந்த விசாக் கட்டணம்? அன்னபூர்ணாப் பகுதி அனுமதிச் சீட்டும் மற்ற வெளிநாட்டவருக்கு 3000 நேபாள ரூபா, நமக்கு 1000தான். அதைவிடப் பெரிய விஷயம், சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே வேலை செய்ய முடியாது. "ஒருவரும் கேட்க மாட்டார்கள், வாங்க" என்று சொல்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அப்புறம், ஜூலை அங்கே மழைக்காலம். அட்டையும் மண்சரிவும், மேகம் மூடிய மலையும்தான் மிஞ்சும். நடைக்கு நல்ல காலம் ஒக்டோபர், நவம்பர். இல்லாவிட்டால் மார்ச், ஏப்ரல்.

ஆறு நாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடிவார முகாம் 4130 மீட்டரில் இருக்கிறது. நம் நாட்டில் ஆக உயரமான பிதுருதலாகலையே 2524 மீட்டர்தான். வெள்ளவத்தைக் கடற்கரையில் வளர்ந்த உடம்பு அதற்கு மேல் ஒரு நாளும் மூச்சு விட்டிருக்காது. 3000 மீட்டருக்கு மேல் போனால் படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்க வேண்டும். தலையிடி, வாந்தி, நித்திரை வராமை வந்தால் அது உயரம் ஒத்துக்கொள்ளாத நோய், மேலே ஏறாதீர்கள். கூடினால் இரவென்றாலும் இறங்குங்கள். போய்வரப் பத்து நாளாவது வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல 3000 மீட்டரோடு நின்றுவிடும், மீட்க வரும் ஹெலிகொப்டர் செலவும் அதில் இருக்காது.

நானாக இருந்தால் இரண்டையும் பிரிப்பேன். தமிழ்நாட்டில், புதுச்சேரியை அடுத்த ஓரோவில்லுக்குப் பக்கத்தில் சாதனா ஃபாரஸ்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. 2003 முதல் வறண்ட நிலத்தில் அந்த மண்ணுக்குரிய காட்டைத் திரும்ப வளர்க்கிறார்கள். தங்குவதற்குக் காசு இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும். காலையில் மண்வெட்டி பிடிக்க வேண்டும், சாப்பாடு முழுக்க மரக்கறி, பாலும் கிடையாது. உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, தமிழ். சுற்றியுள்ள ஊராரோடு நேரே கதைக்க அங்கு வரும் வெளிநாட்டவர் பலரால் முடியாது. இந்தியாவின் இ-சுற்றுலா விசாவில் ஒரு மாதம் வரை சம்பளமில்லாத தொண்டு வேலைக்கும் இடமுண்டு. செப்டெம்பரில் அங்கே இருந்துவிட்டு, ஒக்டோபரில் சென்னையில் இருந்து டெல்லி வழியாகக் காத்மாண்டு போகலாம். குளிர் ஜாக்கெட்டும் படுக்கைப் பையும் காத்மாண்டுவின் தாமெல் கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் இங்கேயே வாங்கிப் பழக்குங்கள்.

அப்பாவுக்கு ஒரு செய்தி. 2023 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இந்தப் பாதைகளில் போகக் கூடாது என்று நேபாளம் விதி போட்டிருக்கிறது. பொக்காராவில் பெண் வழிகாட்டிகளோடு நடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு நீங்களே எழுதி, வருகிற பதிலை அப்பா கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சண்டை பிடித்து வாங்கும் சம்மதத்தைவிட அது நல்லது.

கடைசியாக ஒன்று, இதை மறந்தால் எல்லாம் வீண். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும். சில வாரங்கள்தான் திறந்திருக்கும். விண்ணப்பத்தை அனுப்பி முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மீளாய்வுக்குப் போடுவதென்றால் அதையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். இடையில் ஒரு போயா விடுமுறைக்கு, எட்டுக் கிலோ பையோடு சிவனொளிபாதமலை ஏறிப் பாருங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள்.