ஜான் ஃபோர்டின் அயர்லாந்து போதுமா?

கேள்வி: ‘தி கொயட் மேன்’ பார்த்தேன். பச்சைப் பசேலென்ற கிராமம், வெள்ளந்தியான மனிதர்கள், கலகலப்பான சண்டை. மனதுக்கு இதமாக இருந்தது. இதே போல அயர்லாந்து மக்களின் வாழ்க்கையைச் சொல்லும், உங்களுக்குப் பிடித்த படங்களைச் சொல்லுங்களேன்.
(தேனி வாசகர்)

பதில்: படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘இதே போல’ என்று கேட்கிறீர்களே, அங்கேதான் உடன்பட முடியவில்லை. 1952-இல் வந்த அந்தப் படத்தை எடுத்த ஜான் ஃபோர்டு அமெரிக்காவில் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போன பெற்றோரின் பிள்ளை. ஏக்கத்தோடு எடுத்தார், அழகாக எடுத்தார், ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் அதன் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஜான் வெய்ன் தன் மனைவியை ரயிலடியிலிருந்து வயல்வெளி நெடுக இழுத்துக்கொண்டு வருகிறார். ஊரே வேடிக்கை பார்த்தபடி பின்னால் வருகிறது. அவளை அடிக்க நல்ல குச்சி இதோ என்று ஒரு பெண்மணியே எடுத்துக் கொடுக்கிறார். நாமும் சிரிக்கிறோம்.

அந்தப் படம் ஓடிய அதே காலத்தில், அயர்லாந்தில் ‘நடத்தை கெட்டவள்’ என்று பெயர் சூட்டப்பட்ட பெண்களைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய சலவைக்கூடங்களில் அடைத்து, கூலியில்லாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பேர் உள்ளே போனார்கள் என்கிறது அரசின் அறிக்கை. பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2013-இல்தான்.

அதைச் சொல்லும் படம் பீட்டர் முல்லனின் ‘தி மக்டலீன் சிஸ்டர்ஸ்’ (2002). முதல் காட்சி ஒரு கல்யாண வீடு. பாதிரியார் பறை தட்டிப் பாடுகிறார். மாடியில் மார்கரெட்டை அவள் உறவுக்காரனே பலாத்காரம் செய்கிறான். கீழே வந்தவள் விஷயத்தை ஒருத்தியிடம் சொல்கிறாள். பாட்டுச் சத்தத்தில் நமக்கு ஒரு வார்த்தை கேட்பதில்லை. காதுக்குக் காது சேதி நகர்வதும், ஆண்கள் கூடிப் பேசுவதும், பார்வைகள் அவள் பக்கம் திரும்புவதும்தான் தெரிகின்றன. விடிந்ததும் வண்டியில் ஏற்றப்படுகிறவள் அவள். அவன் இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக ஒரு காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது கென் லோச்சின் ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி’ (2006). கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. அயர்லாந்து விடுதலைப் போர்க் காலத்துக் கதை. நாயகன் கிலியன் மர்ஃபி டாக்டருக்குப் படித்துவிட்டு லண்டன் கிளம்ப வேண்டியவர், துப்பாக்கி எடுக்கிறார். இங்கிலாந்துப் படையின் கொடுமையைக் காட்டுவதால் இதைப் பலர் புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்த காட்சி வேறு. விடுதலைக்காரர்கள் தாங்களே நடத்தும் நீதிமன்றத்தில், ஏழை மூதாட்டியிடம் அநியாய வட்டி வாங்கிய வியாபாரிக்கு எதிராகத் தீர்ப்பாகிறது. தீர்ப்புச் சொல்பவர் ஒரு பெண். ஆனால் தளபதி டெடி அந்த வியாபாரியைத் தண்டனையிலிருந்து விடுவித்துக் கூட்டிப் போய்விடுகிறான். ஆயுதம் வாங்கப் பணம் அந்த ஆளிடமிருந்துதானே வருகிறது! டெடி கெட்டவன் இல்லை, எதிரியிடம் நகம் பிடுங்கப்பட்டும் வாய் திறக்காதவன். அவனே இப்படிச் செய்யும்போது, நாளை வரப்போகும் விடுதலை யாருக்கு என்ற கேள்வி நம்மையும் பிடித்துக்கொள்கிறது. விடுதலைக்காரர்களுக்குள்ளேயே மூளும் உள்நாட்டுப் போர் பின்னால்தான் வருகிறது. அதன் விதை இந்த அறையிலேயே விழுந்துவிட்டது.

சரி, இதமான படம்தான் வேண்டும் என்றால் கோல்ம் பைரேட்டின் ‘தி கொயட் கேர்ள்’ (2022) இருக்கிறது. பெரும்பாலும் ஐரிஷ் மொழியிலேயே பேசும் படம். அந்த மொழியிலிருந்து ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவில் இறுதிப் போட்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படமும் இதுதான். பிள்ளைகள் நிறைந்த வறுமை வீட்டில் கவனிப்பாரற்ற சிறுமியை, கோடைக்கு உறவினர் வீட்டில் விடுகிறார்கள். அந்த வீட்டு மனிதர் முதலில் முகம் கொடுத்தே பேசுவதில்லை. ஒருநாள் அவளைக் கடந்து போகும்போது மேசையில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போகிறார், பேசாமல். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் தோழர்கள். ஃபோர்டின் ஊரில் இல்லாத ஈரம் இந்தச் சமையலறையில் இருக்கிறது.

இதையே முதலில் பாருங்கள், வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து. அப்புறம் லோச். ‘மக்டலீன்’ படத்தைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். ஆனால் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.