ட்ரெயிட் குறையல, முன்வரிசைதான் குறையுது
நண்பா, டீம்ஃபைட் டாக்டிக்ஸ்ல (எட்டு பேர் ஆளுங்களை வாங்கி போர்டுல நிறுத்தி மோதவிடுற கேம்) ஸ்டேஜ் 4 வரைக்கும் நல்லா போயிட்டு, அப்புறம் 6வது இடத்துக்குச் சரியுதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க போர்டு படத்தைப் பார்த்தேன். ஆறு ட்ரெயிட் (ஒரே வகை ஆளுங்க சேர்ந்தா கிடைக்கிற போனஸ்) எரியுது, ஆனா முன்னாடி நிக்கிறது ரெண்டு ஒன்-ஸ்டார் (இன்னும் மேம்படுத்தாத) ஆளுங்க. உங்க கேரிக்கு (முக்கியமா அடிக்கிற ஆளுக்கு) மூணு ஐட்டம் இருந்தும், அவன் முதல் ஸ்பெல் போடுறதுக்குள்ள முன்வரிசை காலி. ஒரு ட்ரெயிட்டை விட்டுட்டு டூ-ஸ்டார் டாங்க் (அடி தாங்குற ஆள்) ஒண்ணு வைங்க. ரெண்டு ஐட்டமாவது அவனுக்குக் கொடுங்க.

அப்புறம், ஒருத்தனை த்ரீ-ஸ்டார் ஆக்க அதே ஆளோட 9 பிரதி வேணும். கடைக்கு ஆளுங்க வர்ற பூல் (கையிருப்பு) எட்டு பேருக்கும் பொது. இன்னும் ரெண்டு பேர் அதே ஆளைத் தேடினா விட்டுடுங்க. லெவல் 7ல 50 கோல்டுக்கு மேல இருக்கிறதை மட்டும் ரோல் பண்ணுங்க (கடையில புது ஆளுங்களைக் காட்டச் செலவு பண்ணுங்க), சேமிப்புக்கு வர்ற 5 கோல்ட் வட்டி தங்கும். பூஜ்யம் வரைக்கும் ரோல் பண்ணி எட்டாவது வந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு :)